பூநாரை பார்க்கப் போனோம்

பூநாரை பார்க்கப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அதை அப்படியே நம்பியவள் அந்த மும்பை ரயிலில் நான் ஒருத்திதான்.

உண்மையில் அது அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கிற பயணம். கோயமுத்தூரிலிருந்து வந்து எங்களோடு புனே ஔந்த்தில் தங்கி, ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அத்தை, இரண்டு முறை பட்டுப்புடவை கட்டிக் கூடத்தில் நின்று அலுத்துப்போயிருந்தாள். "இனி எவன் முன்னாலயும் பஜ்ஜித் தட்டைத் தூக்கிட்டு வரமாட்டேண்ணா" என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அப்பா ஒரு யோசனை செய்தார். மும்பைப் பையன் வீட்டாரும் நாங்களும் சிவ்ரி கடலோரத்துக்குப் பறவை பார்க்க வருவது. பிடித்தால் பேசுவது, பிடிக்காவிட்டால் பறவை பார்த்ததாகவே வைத்துக்கொள்வது. இதுவும் தட்டிப்போனால் அத்தை கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டாள் என்று பயந்து, வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்து டப்பாவில் அடைத்துவிட்டாள்.

அத்தை எனக்காக ஆபீஸ் தோழியிடம் பைனாகுலர் இரவல் வாங்கி வந்திருந்தாள். ரயிலிலேயே பாடம் நடந்தது. "முதல்ல முன்னாடி மூடியைக் கழட்டோணும் கண்ணு. இல்லாட்டி உலகமே இருட்டுத்தான். பார்த்து முடிச்சதும் மறக்காம மூடிப்போடு."

சிவ்ரியில் கடல் வடிந்து சேறு பளபளத்தது. தூரத்தில் கூட்டங்கூட்டமாகப் பூநாரைகள், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அடடா, என்ன நிறம், என்ன நிறம்! பெரியவர்கள் ஒருவராவது திரும்பிப் பார்க்கவேண்டுமே! கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கு யார் உறவு என்று கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் கத்திக் கூப்பிட்டதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று.

அத்தைக்கு எதிரே கண்ணாடி போட்ட ஓர் அங்கிள் மட்டும் வியர்த்து விறுவிறுத்து நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. பைனாகுலருக்கு அத்தை சொன்னபடி மூடியைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை அப்படியே கண்ணில் வைத்துக் கடல் பக்கம் வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குதுங்க" என்றார் அத்தையிடம்.

"அரே, மூடியே எடுக்..." என்று ஆரம்பித்த என் வாயில், அம்மா தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த பஜ்ஜியில் ஒன்றை எடுத்து அத்தை திணித்தாள். பைனாகுலரை வாங்கி, மூடியைத் தொடாமலேயே தானும் பார்த்தாள்.

"ஆமாங்க. அந்த மூணாவது பறவை இன்னும் அழகு."

பிறகு அம்மாவிடமிருந்து பஜ்ஜித் தட்டைத் தானே வாங்கி அவரிடம் நீட்டினாள். அப்பா நகம் கடிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. காலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிற அத்தைக்கு, ஹிஞ்சேவாடியில் யார்தான் வேலை கொடுத்தார்களோ என்று புனே வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.