கார்த்திகையைச் சுற்றி நீலப் புகை

பனியை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிய ஆள் நான்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு சின்ன டெலஸ்கோப், பழைய கேமரா, நட்சத்திரத்தின் பின்னாலேயே மெல்லத் திரும்பும் மோட்டார் ஸ்டாண்ட்... என் சொத்து அவ்வளவுதான். கடலூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படமெடுத்தேன். அதைச் சுற்றி நீலமாகப் புகை மாதிரி ஒன்று உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் லேசாகத் தெரியுமாம்.

எனக்கு முதல் நாளே, முதல் படத்திலேயே தெரிந்தது. அள்ளிக் கொட்டினாற்போல் புகை. ஆசைப்பட்டது உடனே கிடைத்தால் யாராவது சந்தேகப்படுவார்களா?

சிதம்பரத்தில் பெரிதாக பிரிண்ட் போட்டேன், மூலையில் என் கையெழுத்தோடு. ஹாலில் மாட்ட இடம்? மனைவியின் தம்பியுடைய கல்யாணப் போட்டோவைக் கழற்றினேன்.

"ஞாயித்துக்கிழம அவன் வரான். நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றாள் மனைவி.

பண்ருட்டியிலிருந்து வந்தவன் நேராகச் சுவரைத்தான் பார்த்தான்.

"என் போட்டோ எங்க மாமா?"

"உள்ள பத்திரமா இருக்கு மச்சான். மாடிக்கு வா, இத எப்படி எடுத்தேன்னு காட்டறேன்."

இருட்டியதும் கேமராவை மாட்டிக் கொடுத்தேன். அவன் டெலஸ்கோப்பை செல்போன் டவர் பக்கம் திருப்பினான்.

"மாமா, டவர் லைட்ட சுத்தியும் பொக இருக்குதே. அதுவும் கார்த்திகைதானா?"

லென்ஸைத் தொட்டேன். ஈரம். கடலோர மார்கழிப் பனி. மனைவி ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடு காட்டினாள். டவர் லைட்டின் புகை போயிற்று. கார்த்திகையின் புகையும்தான்.

மாடிப்படி இறங்கும்போது மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. "எங்க முந்திரித் தோப்புக்கு வாங்க மாமா. கும்மிருட்டா இருக்கும். மோட்டார் கொட்டாய்ல கரண்ட்டும் இருக்கு."

போனேன், ஹேர் டிரையரோடு. லென்ஸை அடிக்கடி காய வைத்து, பல நாள் படங்களைச் சேர்த்து அடுக்கினேன். கடைசியில் வந்தது — துணியில் சொட்டு நீலம் பட்டு, அலசிய பிறகு மிச்சமிருக்குமே, அந்த அளவு. ஆனால் நிஜம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் இருந்த பனியைக் கழற்றிவிட்டு, மச்சானிடம் ஓடிப்போய்ப் புதுப் படத்தைப் போனில் காட்டினேன்.

போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். தள்ளி வைத்தும் பார்த்தான்.

"பனி அடிச்சதே நல்லா இருந்திச்சு மாமா. பேசாம என் கல்யாணப் போட்டோவையே மாட்டிடுங்க."