இழுவை ஆகாத பரோட்டா மாஸ்டர்

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜா முகமது கடையில் பரோட்டா போடுகிறவருக்குப் பெரியண்ணன் என்று பெயர். அவரைவிட மூத்தவர்களும் வேறு வழியில்லாமல் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கென்னவோ 'மாஸ்டர்' என்றால்தான் முகம் மலரும். இருபத்திரண்டு வருஷம் மாவைப் பிசைந்து, அடித்து, வீசி வாங்கிய பட்டம் அது.

இரண்டு வருஷமாக, அவர் வீசுகிற பரோட்டாவுக்குப் போட்டியாக அவரே மெலிந்துகொண்டு வந்தார். பசி எடுப்பதில்லை, தின்றது நிற்பதில்லை, வயிறு உப்புசம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சுகர் பார்த்தார்கள், இல்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், பூச்சியும் இல்லை. யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் சொன்னபோது மனைவி வனிதா சிரித்துவிட்டாள்.

"ஒங்களுக்கு மருந்து வச்சு மயக்க எவ வரப்போறா?"

கடைசியில் புதுக்கோட்டையில் டாக்டர் தேவிப்ரியா ரத்தம் எடுத்தார். வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் ஒரு துணுக்கும் எடுத்து அனுப்பினார்.

"சீலியாக்னு ஒரு வியாதி. கோதுமை ஒங்க குடலுக்கு ஆகல. ஆயுசுக்கும் அதைத் தொடாம இருக்கிறதுதான் வைத்தியம்."

"அம்புட்டுத்தானா?" என்றார் பெரியண்ணன். வீட்டிலிருந்த கோதுமை மாவைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு கிலோ குறைந்தது.

"கோதுமையை விட்டீங்களா, இல்லையா?" டாக்டருக்குச் சந்தேகம்.

"சத்தியமா டாக்டர். சப்பாத்தி சுடுற தெருப்பக்கமே போறதில்ல."

"ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

"லைட்டா நாலு பரோட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மைதா எதுல இருந்து வருது?"

"மரவள்ளிக்கிழங்குல இருந்து. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷமா மாவு பிசையிறேன்?"

"தவிட்டை நீக்கிட்டு அரைச்ச கோதுமைதாங்க மைதா."

பெரியண்ணன் நம்பவில்லை. படித்த பிள்ளை, பரோட்டாவைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோலக் கூட வந்திருந்த வனிதாவைப் பார்த்தார்.

"சரி, அரிசி மாவை வீசுவீங்களா?" என்றார் டாக்டர்.

"அது எங்கிட்டு? உதிர்ந்துல்ல போகும்!"

"மைதா கிழியாம இழுபடுதுல்ல, அந்த இழுவையைக் கொடுக்கிற சத்துதான் ஒங்களுக்கு ஆகாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாத்துலயும் அது இருக்கு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எதிர்வாதம் செய்திருப்பார். இழுவை அவருடைய சொந்தப் பாடம். "திங்கல. போட மட்டும் செய்யட்டுமா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"பறக்கிற மாவு மூக்குலயும் வாயிலயும் போகுமேங்க."

மறுநாள் கடையில் விஷயத்தைச் சொல்லி, "நான் நின்னுக்கிறேன் பாய்" என்றார்.

"நின்னு எங்க போவ? ஆப்பம் போடு."

"நான் போயி ஆப்பமா?"

"ஏன், ஆப்பம் ஒன்னைய வேணாம்னுச்சா?"

ராஜா முகமது மாவு பறக்காத கோடியில், கடையின் பக்கவாட்டில், புதுச் சட்டியும் புதுக் கரண்டியுமாகத் தனி அடுப்பு போட்டுக் கொடுத்தார். கைப்பழக்கத்தில் பெரியண்ணன் சட்டியை ஒரு சுழற்று சுழற்ற, முதல் ஆப்பம் சட்டையில் விழுந்தது. இரண்டாவது கருகியது. வேடிக்கை பார்த்தவர்கள், "மாஸ்டர், சட்டையில இருக்கிறதை எடுத்து எலையில வைங்க" என்றார்கள். வாரக் கடைசியில் ஓரம் முறுகி, நடு மெத்தென்று வந்தது. புதிதாக வந்த பரோட்டாக்காரர் கரண்டியை ஒருமுறை இரவல் கேட்டார். மைதாக் கை அதில் படக் கூடாதென்று, ஊரே திரும்பிப் பார்க்கும்படி பதில் கிடைத்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் விடியும்போதே வனிதாவை உலுக்கி எழுப்பினார்.

"என்னங்க, வயிறு வலிக்குதா?" பதறி எழுந்தாள்.

"இல்லடி," என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "பசிக்குது."

வனிதா கூந்தலை அள்ளி முடிந்தபடி இட்லிப் பானையை எடுக்கப் போனாள்.