பதில் வரும்வரை

நான் மேனேஜராக இருந்த தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதித் தந்தவர், கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பேசும் ஓர் ஒல்லி இளைஞர். லாரி ஆபீஸின் சென்னை சர்வரிடம் அவர் புரோகிராம் சரக்குக்கான பதிவு எண் கேட்கும். எண் வராமல் டிரைவர் சரக்கேற்ற மாட்டார்.

அன்று சரக்கு போகாவிட்டால் நாக்பூர் ஆர்டர் போய்விடும். கூடவே, என் மேனேஜர் பட்டமும். திரையோ அசையவில்லை. கணினி முன் உட்கார்ந்திருந்த எங்கள் இருவர் பின்னால் டிரைவர் பீடியோடு நின்றார்.

"எம்புட்டு நேரம் தம்பி இது காத்துக் கெடக்கும்?" என்று இளைஞரிடம் கேட்டேன்.

"பதில் வார வரைக்கும் அண்ணாச்சி. டைம் அவுட் வைக்கலை. கரிசக்காட்டுல மழைக்குக் கெடு வச்சா வெதைக்கோம்?"

"மழை எந்த ஊருலடே லாரியில வருது? அரை நிமிசம் வையி."

சொன்னபடி வைத்தார். அரை நிமிடத்தில் 'பதில் இல்லை' என்று திரை சொன்னது. மறுபடியும் கேட்டோம், அதையே சொன்னது.

"அப்பம் நான் வாரேன்" என்று டிரைவர் கிளம்பி, முன்பே எண் வாங்கி வைத்திருந்த பக்கத்துக் கம்பெனியில் சரக்கேற்றினார். அதுவரை அவரும் பதிலுக்காகத்தான் நின்றிருந்தார்.

"இப்பம் தெளிவாயிட்டுல்லா, அண்ணாச்சி?" என்றார் அந்த இளைஞர்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது கேலியா, ஆறுதலா என்பது இன்றுவரை பிடிபடவில்லை.