சாயல்குடி மிளகாய்க்குத் தண்ணீர் வந்த வழி

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இராமநாதபுரத்தில் இறங்கினேன். கோயம்புத்தூரில் கிளம்பி, மதுரையில் ஒரு காபிக்கு மட்டும் நின்று, இடுப்பு இரண்டாகக் கழன்றுபோன நிலையில் வந்து சேர்ந்தவளை மார்ச் மாத வெயில் வாசலிலேயே நின்று வரவேற்றது. நிலையத்துக்கு எதிரே டீ பன்னிரண்டு ரூபாய். சாயல்குடி வண்டிக்கு டிக்கெட் முப்பத்தெட்டு. மடியில் வைத்திருந்த பெட்டியைக் கண்டக்டர் விடாமல் பார்த்தார்.

"என்னக்கா அது, பிரஷர் பாக்குற மிஷினா?"

"ஆமாங்க, மிளகாய்க்குப் பாக்கோணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது பாதி உண்மை. அது தானியத்தில் ஈரம் பார்க்கும் கருவி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கோழித்தீவன ஆலை வைத்திருக்கிறார், அவரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். எனக்கு வேலை ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்ப்பது. கெட்டுப்போன பம்ப் திரும்பி வந்தால், அது எந்த இடத்தில் கெட்டது என்று வார்ப்புக் கூடம் முதல் பெட்டி கட்டுகிற மேசை வரை கூடவே நடந்து கண்டுபிடிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பயணத்துக்குக் காரணம் என் நாத்தனார் முத்துராக்கு. சாயல்குடியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே அவள் ஊர். அங்கே குண்டு மிளகாய் போடுகிற வீட்டுப் பெண்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கமிஷன் மண்டியை விட்டுவிட்டு, கேரளத்து மசாலா கம்பெனி ஒன்றுக்கு நேராகச் சரக்கு அனுப்பத் தொடங்கியவள் அவள். முதல் லாரி பூசணம் பிடித்துத் திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் இன்னொரு லாரி வரட்டும், அதுவும் பூசணம் என்றால் இனி வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அப்படி நடந்தால் அத்தனை பேரும் பழையபடி மண்டி வாசலில் போய் நிற்க வேண்டும். "என் பேச்சக் கேட்டு வந்தாக மதினி, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவுக முன்னாடி நிப்பேன்" என்று போனில் அழுதாள். முத்துராக்கு அழுது நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

பேருந்து கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டியே சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஓடியது. பனைமரம், உடைமரம், இடையிடையே கண்ணைக் கூசவைக்கும் உப்பளம். ஒன்றரைக்கு ஊர் வந்தேன். வாசலிலேயே முத்துராக்கு பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மதினி, இப்படி எளைச்சுப் போயிட்டீகளே, எங்கண்ணன் சோறு போடுறதில்லையா?"

"உங்கண்ணனுக்கே நாந்தான் அம்மிணி போடறேன்" என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் களத்துக்குப் போனோம். தார்ப்பாய் மேல் ஒரு தெரு நீளத்துக்குச் சிவப்பு. உருண்டை உருண்டையாக மிளகாய், குலுக்கினால் விதை கலகலக்கிறது. மூக்கு எரிந்து நான் போட்ட தும்மலில் களத்தில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மாலை மூன்றரைக்குக் கருவியில் போட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த சரக்கு. கம்பெனி கேட்ட அளவைவிடக் குறைவான ஈரம்தான். நான் வாய் திறப்பதற்குள் முத்துராக்கு எல்லாரையும் கூப்பிட்டு, "யாராச்சும் மிளகாயில தண்ணி ஊத்துறீகளா? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் ஊற்றுவது திருட்டு. அந்தப் பேச்சையே அந்தக் களம் தாங்காது. காய வைக்கும் பொறுப்பில் இருக்கும் சண்முகத்தாய் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "தண்ணி ஊத்தி எடை போடுற குடும்பமா எங்க குடும்பம்? நாக்குல பல்லப் போட்டுப் பேசாத முத்துராக்கு!" அவளைச் சமாதானம் செய்து உட்கார வைப்பதற்குள் எனக்கு ஒரு சொம்பு மோர் தேவைப்பட்டது. யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், மிளகாய் போகிற இடமெல்லாம் நானும் போகிறேன் என்று முத்துராக்கிடம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை ஐந்தரைக்கு மிளகாயைக் கூட்டிக் குவித்தார்கள். குவிக்கும்போது சண்முகத்தாய் செம்பில் கைவிட்டு மூன்று நான்கு தரம் தெளித்தாள், கோலத்துக்கு வாசல் தெளிப்பது போல. கோபம் எல்லாம் எப்போதோ போயிருந்தது.

"இது எதுக்குங்க்கா?"

"நொறுங்காம இருக்கத்தா. ஒரு கை தண்ணிதானே, என்ன ஆயிரப் போகுது?"

இரவெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த குவியலை வெள்ளிக்கிழமை காலை பார்த்தபோது ஈரம் கூடியிருந்தது. ஆனாலும் கம்பெனி சொன்ன அளவுக்குள்தான். பூசணம் இங்கே வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலை பத்தரைக்குக் கருப்பையா வந்தார். மூட்டை மிதிப்பவர். சாக்கைத் தொங்கவிட்டு மிளகாயைக் கொட்டி, உள்ளே இறங்கி மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவது இந்தப் பக்கத்து வழக்கம். மிதிக்காவிட்டால் மிளகாயில் பாதி லாரிக்குள் அடங்காது. விடியும் முன்னே உப்பளத்து வேலைக்குப் போய், வெயில் ஏறியதும் அதை முடித்துவிட்டுத்தான் அவர் இங்கே வருவார். அந்த நேரத்தில் மிளகாய் அப்பளமாக நொறுங்கும். அதனால் அவர் பக்கத்திலும் ஒரு குடம்.

"மேல ஒரு கை தெளிச்சாத்தான் பதமா மிதிக்கலாம்" என்றார். "எங்கய்யா காலத்துலருந்து அப்படித்தான். இத்துனூண்டு தண்ணி!"

அந்த இத்துனூண்டு தண்ணிக்குப் பிறகு மூட்டையின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். கருவி காட்டியது அளவின் விளிம்பு. ஆனாலும் விளிம்பைத் தாண்டவில்லை. எனக்கே குழப்பமாகிவிட்டது. கூடவே வந்துவிட்டேன், இன்னும் எங்கே?

மாலை நான்கரை. மூட்டைகளை அடுக்கியாயிற்று, லாரி சனிக்கிழமை வரும். அப்போது வீட்டுக்குள்ளிருந்து வந்தாள் முத்துராக்கு. தலைக்குக் குளித்து, புதுச் சேலை, நெற்றியில் இரண்டு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், இடுப்பில் பித்தளைக் குடம், கையில் ஒரு கொத்து வேப்பிலை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கி, முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டை வரை சளப் சளப்பென்று அடித்தாள். நல்ல காரியத்துக்குக் கஞ்சத்தனம் கூடாது என்று மிச்சத் தண்ணீரையும் குடத்தோடு கவிழ்த்தாள்.

"அடி பாவி!" என்று கத்திவிட்டேன்.

"என்ன மதினி? போன தடவையும் தெளிச்சேன், அப்பவும் சாமி கைவிட்டுருச்சு. அதான் இந்தத் தடவை கொஞ்சம் தாராளமா..."

குடத்தைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். நான் கருவியை நீட்டினேன். சாக்கின் ஓரத்து மிளகாயில் முள் எகிறிப் போய் நின்றிருந்தது. ஈரம் ஒரு ஆளால் வரவில்லை. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கை. தன்னைத் தவிர இன்னொருவர் தெளிப்பது மூன்று பேருக்கும் தெரியாது. எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான், ஆளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு மோட்டாரையே மூழ்கடித்தோம். அப்போது யாரும் அழவில்லை. இங்கே முத்துராக்கு குடத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஊரையே கேட்டேனே மதினி, என்னைய நான் கேக்கலையே."

முதலில் வந்து அவள் தோளைத் தொட்டது சண்முகத்தாய்தான். "ஏன்டி, நான் மட்டும் என்ன, நானும்தான் தெளிச்சேன். எந்திரி. நாளைக்கு வெயில் இருக்குல்ல?"

சண்முகத்தாய் சொன்னபடி ஒரு நாள் வெயில் கையில் இருந்தது. முதல் மூட்டையின் வாயை முத்துராக்கே அவிழ்த்தாள். இருட்டுவதற்குள் எல்லா மூட்டையும் மறுபடி களத்தில். லாரியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். சனிக்கிழமை முழுக்கக் காய்ந்தது.

ஆனால் தெளிக்காமல் மிதித்தால் மிளகாய் தூளாகுமே? அதற்கு வழி இல்லாமல் கருப்பையாவிடம் தெளிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பல்தேய்த்துக்கொண்டே களத்தில் நடந்தேன். மூட்டைக்குப் போகாமல், தண்ணீர் படாமல் ஓரமாகக் கிடந்த ஒரு மிளகாயை எடுத்து நசுக்கினேன். நொறுங்கவில்லை, தோல் போல் வளைந்தது. கருவியில் போட்டேன், அளவுக்குள் தாராளமாக இருந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே சண்முகத்தாயைக் கூப்பிட்டேன்.

"கடல் காத்து ஈரந்தா" என்றாள் அவள், இதெல்லாம் ஒரு விஷயமா என்ற குரலில். "விடியக்காலம் அப்படித்தான் இருக்கும். வெயில் ஏறுனா மொறுமொறுன்னு ஆயிரும்."

"அப்ப விடியக்காலமே மிதிச்சா என்னங்க்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். "கருப்பையாண்ணே உப்பளத்துல இருப்பாகளே."

"நீங்க இருக்கீங்களே!"

அந்தக் களத்தில் பெண்கள் மூட்டை மிதித்ததில்லை. கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, தோன்றியதில்லை, அவ்வளவுதான். இனி பெண்களே மிதிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும், பத்தரைக்கு வந்த கருப்பையாவின் முகம் சுண்டிப்போனது. "அப்ப எங்கூலி?" முத்துராக்கு உடனே சொன்னாள்: "ஒங்க கூலி எங்கனயும் போகாதுண்ணே. மிதிக்கிறது நாங்க, வாய் தச்சு ஏத்துறது நீங்க. இப்ப எப்படி மிதிக்கணும்னு சொல்லிக்குடுத்துட்டுப் போங்க." அவர் சிரித்துவிட்டார். குதிகாலால் மிதிக்கக் கூடாது, முன்பாதத்தால் மிதிக்க வேண்டும் என்று சாக்குக்குள் இறங்கி ஆடியே காட்டினார்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் களத்தில் ஒரே கும்மாளம். காலில் சுத்தமான பழைய வேட்டித் துணி சுற்றி, ஆளுக்கொரு சாக்கில் தலை மட்டும் தெரிய, ஒருத்தியை ஒருத்தி கேலி பேசிக்கொண்டு மிதித்தார்கள். தும்மலுக்குத்தான் குறைவில்லை. வெயில் வருமுன் முடிந்துவிட்டது. சாக்கின் அடியில் தூள் என்று ஒரு பிடிகூட இல்லை. பத்து மணிக்குக் கருப்பையா வந்து தைத்து ஏற்றினார்.

லாரி கிளம்பும்போது முத்துராக்கு மறுபடி குடத்தோடு வந்தாள். நான் கையை நீட்டித் தடுக்கப் போனேன். அவள் நேராக முன்சக்கரத்துக்குப் போய் அங்கே தெளித்தாள். அப்புறம் டிரைவர் மேல் தெளித்தாள். மூட்டைப் பக்கம் ஒரு சொட்டு போகவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேன் பிடித்து எல்லாரும் இராமேசுவரம் போனோம். போவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். "ஜெயிச்சா நல்லாக் குளிக்கிறோம், தோத்தா இந்தத் தொழிலத் தலைமுழுகிட்டு வாரோம்" என்றாள் சண்முகத்தாய். இராமநாதபுரம் தாண்டி இராமேசுவரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மண்டபம் வரை பாட்டு. பாம்பன் பாலம் ஏறியதும் வேன் ஓரமாக நின்றது, எல்லா வண்டியும் நிற்பதுபோல. காற்று ஆளையே தூக்கியது. கீழே பச்சையும் நீலமுமாகக் கடல், பக்கத்தில் ரயில் பாலம். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் முத்துராக்கின் கைபேசி மேல்.

மணி ஒன்பது ஐம்பது. அது அடித்தது. காற்றில் கேட்காமல் அவள் ஸ்பீக்கரைப் போட்டு, குனிந்து, முந்தானையால் மூடிக்கொண்டாள். மலையாளம் கலந்த தமிழில் ஒரு குரல்: "சரக்கு பாஸ் ஆயி. ஒரு மூட்டைகூடக் கழிக்கலை. அடுத்த லோடு எப்போ?"

முத்துராக்கு குலவை போட்டாள். அவளைத் தொடர்ந்து அத்தனை பேரும். பாலத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று பயந்து காருக்குள் ஏறிக்கொண்டது. நானும் குலவை போட்டேன். எனக்கு வராது, ஆனாலும் போட்டேன். கண்ணில் தண்ணீர், காற்றால் என்று சொன்னால் நம்ப ஆள் இல்லை.

இன்று கோயம்புத்தூரில், கம்பெனிக் கூட்டத்தில், யார் செய்த தவறு என்று மேலாளர் தொடங்கும்போதெல்லாம் எனக்குக் குடத்தோடு தரையில் உட்கார்ந்த முத்துராக்கு ஞாபகம் வருகிறாள். வாங்க சார், பம்ப் கூடவே நடந்து பார்த்துட்டு வரலாம் என்று எழுந்துவிடுகிறேன்.

ஆனால் நினைவில் முதலில் வருவது அன்று கோயிலில் பார்த்ததுதான். தீர்த்தக் கிணறுகளுக்கு வரிசையில் நின்றோம். கிணற்றுச் சுவர்மேல் நின்ற ஆள் வாளியை இறக்கி, இறைத்து, முன்னால் நிற்பவர்கள் தலையில் சிக்கனமாக ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தார். முத்துராக்கு முறை வந்தது. அவர் ஊற்றியது தோளைக்கூட நனைக்கவில்லை. அவள் நகரவே இல்லை. இரண்டு கையையும் விரித்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள்:

"அண்ணே, நல்லாக் கவுத்து ஊத்துங்க! நான் மிளகா இல்ல!"