ட்ரேயின் முதல் பீஸ்

1. மூட்டைத் தராசு

"கோதுமை, மைதா, ரவை எதையும் இனி வாயில் வைக்கக் கூடாது" என்று பெங்களூரு டாக்டரம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். "பேக்கரி மாஸ்டர்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் முப்பது வருடமாக பேக்கரி ஓவனுக்கு முன்னால் நிற்கிறேன். பன், ரஸ்க், பப்ஸ், தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த், எது வெந்து வந்தாலும் ட்ரேயின் முதல் பீஸ் மாஸ்டரான என் வாய்க்குத்தான். வேக்காடும் உப்பும் சரியா என்று நான் சொன்ன பிறகுதான் சரக்கு கண்ணாடி அலமாரிக்குப் போகும். இத்தனை தின்றும் நான் நாற்பத்தாறு கிலோ. கடையில் மூட்டை நிறுக்கும் பிளாட்ஃபார்ம் தராசில்தான் என்னையும் நிறுத்துக்கொள்வேன். மைதா மூட்டை ஐம்பது கிலோ. மூட்டை என்னை ஜெயித்துக்கொண்டே இருந்தது.

வயிறு எப்போதும் உப்பல், அடிக்கடி பேதி, பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். எவ்வளவு தின்றாலும் உடம்பு ஏறாத ராசிக்காரன் என்று நானே பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். கோதுமையில் உள்ள குளூட்டன் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் குடலைப் புண்ணாக்கி, தின்றதை உடம்பில் ஒட்டவிடாமல் செய்திருக்கிறது. பெருமை எல்லாம் வியாதி.

2. போர்டு

கடை முதலாளியை சாவுகார் என்போம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கே சரியில்லை.

"இன்னா மாஸ்டரு, மைதா துன்னக் கூடாதுன்னா ருசி யாரு பாக்கறது? வேற ஆள் வைக்கட்டா?"

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு வேலை தெரியாது. எங்கப்பா இருந்த காலமானால் தங்கச் சுரங்கத்தில், மைன்ஸில், எனக்கும் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்திருப்பார். இப்போது மைன்ஸும் இல்லை, அப்பாவும் இல்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட் போடலாம் சாவுகாரே. பெங்களூர்ல அதுக்குன்னே கடை வெச்சிக்கிறாங்க."

"சரி, அடுத்த தீபாவளி வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா வருத்தப்படாத."

பின்கட்டில் தனி அறை, தனி ஓவன், தனி ட்ரே. அங்கே மைதா தூசிகூட நுழையக் கூடாது. முன்கட்டு வேலைக்கு மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். ராகி மாவும் அரிசி மாவும் கலந்து பிசைந்தால் உருண்டை நிற்காது, உதிரும். மாவைப் பிடித்து நிறுத்தும் பசையே குளூட்டன்தான். அதற்குப் பதிலாக வெண்ணெய் கூட்டினேன், முட்டை கூட்டினேன், சர்க்கரை கூட்டினேன். நின்றது. பின்கட்டு ட்ரேயின் முதல் பீஸ் எனக்குத்தானே? ருசி சரியில்லையோ என்று சந்தேகம் வந்தால் இரண்டாவதும் எனக்குத்தான். சந்தேகம் அடிக்கடி வந்தது.

குடல் ஆறியது. தராசில் மூட்டையைத் தாண்டிய நாளில் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் சம்சாரம் மல்லிகா, "இப்பத்தான் சட்டைக்குள்ள ஆள் இருக்கறது தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தின்ற சோறு என் உடம்பில் நின்றது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அறுபது, அறுபத்தைந்து, எழுபத்தொன்று. இந்த நேரத்தில்தான் சாவுகார் வாசலில் போர்டு மாட்டினார்: "குளூட்டன் ஃப்ரீ. உடம்பு இளைக்க!" பார்த்தேன். பேசாமல் உள்ளே போய்விட்டேன். பிஸ்கட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

3. பத்மா டீச்சர்

பத்மா டீச்சர் ரிட்டயர் ஆனவர். முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் எடை குறைக்கச் சொல்லியிருந்தார்கள். போர்டை நம்பிக் காலையும் மாலையும் டீக்கு எங்கள் பிஸ்கட். தீபாவளிக்கு முந்தின வாரம் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், வெயிட்டு எறங்கிட்டு வாங்கன்னா மூணு கிலோ ஏறிட்டு வந்துக்கறீங்களேன்னு டாக்டரு திட்டறாரு. ஆபரேஷன் தள்ளிப் போச்சு. ராத்திரில வலி தாங்கல."

சாவுகார் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "நம்ம பிஸ்கட்ல ஏறவே ஏறாது டீச்சர். எங்க மாஸ்டரே ஒரு வருசமா இதத்தான் துன்றாரு!"

டீச்சர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் பனியனுக்கு வெளியே எட்டிப் பார்த்த தொப்பையில் வந்து பார்வை நின்றது.

"அதான் தெரியுதே" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "இது இளைக்கறதுக்கு இல்ல டீச்சர். உதிராம நிக்க வெண்ணெயும் சர்க்கரையும் அள்ளிப் போட்டுக்கறேன். கோதுமை எனக்கு ஒத்துக்காது, அதனால இது எனக்குச் சாப்பாடு. உங்களுக்குக் கோதுமையால ஒரு தொல்லையும் இல்ல. வழக்கமா துன்ற சப்பாத்தியத் துன்னுங்க, இத வுட்ருங்க."

டீச்சர், "இத மொதல்லயே சொல்லிக்கலாம் இல்ல மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலை போகவில்லை. என் நேர்மையைப் பார்த்து அல்ல, தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. போர்டு மட்டும் மாறியது: "கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு." இளைக்க வந்த கூட்டம் கலைந்தது. பங்காருபேட்டையிலிருந்து ஒரு அம்மா வாராவாரம் ரயிலேறி வந்து மகளுக்கு வாங்கிப்போகிறார். டீச்சருக்கு எடை இறங்கி ஆபரேஷனும் முடிந்து, இப்போது கோல் இல்லாமல் வந்து என்னைக் கிண்டல் செய்கிறார்.

புதிதாக வரும் மாஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். சரக்கில் என்ன போட்டோம் என்பது நமக்குத்தான் தெரியும். போர்டு வேறு ஏதாவது சொன்னால் அன்றைக்கே வாயைத் திறக்க வேண்டும். தொப்பை சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

பின்கட்டில் இப்போது ஒரு பீஸோடு எழுந்துவிடுகிறேன். முன்கட்டு மைதா சரக்கில் ட்ரேயின் முதல் பீஸ் சாவுகாருக்கு. ரசித்துத்தான் தின்கிறார். மூட்டைத் தராசில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறார்.