கிணறுகளை வைத்துக் கண்டுபிடித்த ஊர்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கிளம்பியது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பை. நான்கு புடவைகள், யாழ்ப்பாணத்தில் வாசிக்க வேண்டிய பன்னிரண்டு பக்கக் கட்டுரை, கல்லூரி நிர்வாகம் கொடுத்த ஒரு கடிதம்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் துறைத் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம், துறையில் மொத்தமே மூன்று பேர். அடுத்த ஆண்டிலிருந்து சமூகவியல் இளங்கலைக்கு மாணவர் சேர்க்கை கிடையாது, அந்த இடத்தில் மனிதவள மேலாண்மை நடக்கும், துறைக்கு இதில் சம்மதம் என்று கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை தர வேண்டும் என்றது கடிதம். இருபத்திரண்டு வருடம் அங்கே பாடம் நடத்தியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்த பிறகுதான் கப்பல் ஏறினேன். சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை.

நான்கு மணி நேரப் பயணம். முதல் ஒரு மணி நேரம் கடல் கலங்கிய தேநீர் நிறத்தில் இருந்தது. பிறகு பச்சை, அதற்குப் பிறகு நான் எந்தப் புடவையிலும் பார்த்திராத ஒரு நீலம். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். பதினொன்றரை மணிக்கு எதிரே ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கோடு பனைகளாகப் பிரிந்தது. காங்கேசன்துறை.

அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், இலங்கைக் காசில். ஓட்டுநர் ரஞ்சனுக்கு நாற்பது வயதிருக்கும். நான் வாயைத் திறந்ததுமே சிரித்தார்.

"அக்கா கதைக்கிறது படத்திலை கதைக்கிற மாதிரி இருக்கு. இந்தியாவோ?"

"ஆமாங்க, மதுரை. இங்க ஒரு கூட்டத்துக்கு வந்திருக்கேன். சமூகவியல் சொல்லிக்குடுக்கிறவங்க எல்லாம் கூடுறோம்."

"ஓ, சமூகவியலோ? தெரியும், தெரியும். நாங்கள் இடம்பெயர்ந்து முகாமிலை இருக்கேக்கை கனபேர் வந்தவை. எத்தினை பேர் வீட்டிலை, என்ன சாப்பிட்டனீங்கள், ராவிலை நித்திரை வருதோ எண்டெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனவை."

"அப்புறம்?"

"பிறகென்ன? போனவைதான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, விட்டது என்பது போலச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் தொடங்கியது. இலங்கையின் வடக்கு, கிழக்கு, தெற்கு எல்லாத் திசைகளிலிருந்தும் நாற்பது பேர் வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து நான் மட்டும். ஆட்சி மாறுகிறது, நிதி சுருங்குகிறது, பாடத்திட்டத்தை மாற்றச் சொல்கிறார்கள், நாம் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஒருவர் தமது துறையின் பெயரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்றார். கிழக்கிலிருந்து வந்த பெண் ஒருவர், சில தலைப்புகளில் ஆராய்ச்சி செய்ய மாணவர்கள் பயப்படுகிறார்கள், பயம் போய்விட்டது என்று யாரும் அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். நான் என் கட்டுரையை வாசித்தேன். மதுரைக் கதையும் யாழ்ப்பாணக் கதையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

மதியத்துக்குப் பிறகு, ஆசிரியர்களுக்கான மதிப்பெண் முறை பற்றி ஓர் ஆலோசகர் பேசினார். எந்த இதழில் கட்டுரை வந்தால் எத்தனை புள்ளி, புள்ளி குறைந்தால் பதவி உயர்வு எப்படித் தள்ளிப்போகும் என்று திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினார். அப்போது கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த குகநேசன் எழுந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். இன்னும் பேராசிரியர் ஆகவில்லை.

"என்னட்டை ரெண்டு கட்டுரைதான் இருக்கு சேர். அதிலையும் ஒண்டு கூட்டா எழுதினது," என்றார். மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். "ஆனா உந்தக் கட்டத்துக்குள்ளை போடேலாத வேலை ஒண்டு செய்தனான். நாளைக்கு எல்லாரும் மயிலிட்டிக்கு வாங்கோ, காட்டிறன்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு வேன்களில் கிளம்பினோம். வடக்கே இருபது கிலோமீட்டர் அளவு. வழியெல்லாம் செம்மண், வெங்காயப் பாத்தி, வாழை. தெல்லிப்பழையைக் கடந்த பிறகு காட்சி மாறியது. கூரையில்லாத சுவர்களுக்குள் மரம் வளர்ந்து நின்றது. அடுத்த வளவிலேயே, அதாவது அடுத்த வீட்டு மனையிலேயே, இன்னும் பூசாத புது வீடு, வாசலில் சைக்கிள். இந்தப் பகுதி மக்கள் போரில் கிளம்பிப்போய் இருபத்தேழு வருடம் திரும்ப முடியாமல் இருந்தவர்கள். ராணுவத்தின் பாதுகாப்பு வலயம் என்று மூடப்பட்டிருந்தது. திறந்துவிட்டபோது வந்து பார்த்தால் ஊர் இல்லை. வீடுகள் தரைமட்டம். வேலி இல்லை, பாதை இல்லை, எல்லாம் புதர் மண்டிய பற்றைக்காடு.

ஒன்பது மணிக்கு மயிலிட்டி. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. காற்றில் உப்பும் டீசலும். பிலோமினா என்ற பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நாற்பத்தைந்து வயது, கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர். முன்னால் வேகமாக நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசுவார்.

ஒரு பழைய கிணற்றருகே நின்றார். சுற்றிலும் புதுக் கட்டடங்கள். கிணற்றுக் கட்டு மட்டும் கறுத்துப்போய்ப் பழையதாக இருந்தது.

"வீட்டை இடிக்கலாம், மரத்தைத் தறிக்கலாம். கிணத்தை என்ன செய்யிறது? அது நிலத்துக்குள்ளை எல்லோ கிடக்கு," என்றார். "நாங்கள் கிணத்திலை இருந்துதான் ஊரைப் பிடிச்சனாங்கள்."

எனக்குப் புரியவில்லை. குகநேசன்தான் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்பு, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், அவர் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். உறவுமுறை பற்றிய பாடத்துக்கு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். இடம்பெயர்ந்தவர்கள் இருந்த முகாம்களுக்குப் போய், மயிலிட்டிக்காரர் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: ஊரில் உங்கள் வீட்டுக்கு நாலு பக்கமும் யார் இருந்தார்கள்? கிணறு எங்கே, எல்லையில் என்ன மரம்? ஒரு வீட்டுக்காரர் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இருவர் சொல்வதும் வேறானால் இரண்டையும் எழுத வேண்டும். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஒட்டி ஒட்டி, போக முடியாத ஊரின் வரைபடத்தை அந்தப் பிள்ளைகள் வரைந்து முடித்தார்கள்.

"நான் புள்ளி போட்டன். படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலை வைச்சன். கட்டுரையா எழுதேல்லை. மறந்துபோனன்," என்றார் குகநேசன். "ஊரைத் திறந்துவிட்ட கிழமை இவ வந்து என்ரை அறை வாசல்லை நிக்கிறா. சேர், அந்தப் படம் கிடக்கோ எண்டு கேக்கிறா."

"நான் முகாமிலை அந்தப் பிள்ளையளுக்குப் வெறுந்தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். எனக்கு ஞாபகம் இருந்தது," என்றார் பிலோமினா.

படத்தை விரித்து, பற்றையை வெட்டி, முதல் கிணற்றைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து படம் காட்டிய பக்கம் நடந்து அடுத்த கிணறு. கிணற்றிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்து. இப்படித்தான் அந்த ஊர் திரும்ப வந்திருக்கிறது. நான் நின்ற இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். கூரைகள், கொடியில் துணிகள், எங்கோ வானொலி. ஒரு வகுப்புப் பயிற்சித் தாளின் மேல் ஒரு ஊரே ஏறி நிற்கிறது.

கொஞ்சம் தள்ளி ஒரு வளவு வெறுமையாக இருந்தது. வீடில்லை. ஆனால் புல் செதுக்கி, வேலி நேராக அடைத்திருந்தது.

"இது சூசையண்ணை ஆக்கள்டை வளவு," என்றார் பிலோமினா. "அந்தக் குடும்பத்திலை ஒருத்தரும் மிஞ்சேல்லை. ஆனா பேர் படத்திலை கிடக்கு. பேர் கிடக்கேக்கை எப்பிடி வேலியைத் தள்ளிப் போடுறது?"

பதினொரு மணிக்குச் சனசமூக நிலையத்தில் கூடினோம். பத்திரிகை படிக்கிற மேசைகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அறுபது பேராவது இருப்பார்கள். அந்தப் படம் சுவரில் தொங்கியது. ஒன்பதடி நீளம், பழுப்பேறிய தாள், பல கையெழுத்துகள். குகநேசன், இந்தப் படத்தைப் பிரதியெடுத்து ஊரிலேயே ஒன்று வைக்கப்போகிறோம், அதற்கு முன் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

பிலோமினா எழுந்தார். காலையிலிருந்து கேட்ட குரல் இல்லை அது.

"சேர், ஒரு பிழை கிடக்கு. அருளப்பு மாமான்ரை வளவுக் கிணறு. அதிலை அவரின்ரை பேர் மட்டும்தான் போட்டிருக்கு. அது பங்குக் கிணறு. என்ரை அம்மாவுக்குச் சீதனத்தோடை குடுத்த பங்கு. அம்மா சாகுமட்டும் சொன்னவ."

பங்குக் கிணறு என்றால் தண்ணீர் எடுக்கும் உரிமை இரண்டு மூன்று குடும்பத்துக்குப் பொது. அந்த வறண்ட நிலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. எல்லார் கண்ணும் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவரிடம் போயிற்று. அருளப்பு, பிலோமினாவின் தாய்மாமன். ஊர் திரும்பிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார்.

குகநேசன் வழக்கப்படி, "ரெண்டு பேர் சொல்லுறதையும் எழுதுவம்," என்று பேனாவை எடுத்தார்.

"வேண்டாம்," என்றார் அருளப்பு.

மெதுவாக எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டும் எழுதத் தேவையில்லை. பிள்ளை சொல்லுறதுதான் சரி. முகாமிலை அந்தப் படிக்கிற பெடிச்சி வந்து கேக்கேக்கை நான்தான் தங்கச்சியின்ரை பேரைச் சொல்லாமல் விட்டனான். ஊருக்கே போக மாட்டம், ஆர் பாக்கப் போகினம் எண்டு நினைச்சன். பிறகு ஊரும் வந்துது, உந்தப் படமும் வந்துது. இவ்வளவு காலமும் அது என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது."

பேனாவைக் கேட்டு வாங்கினார். படத்தருகே போனார். ஒவ்வோர் எழுத்துக்கும் வெகு நேரம் ஆயிற்று. செபமாலை என்று தங்கையின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். பிலோமினா அழவில்லை. போய் அவருக்குத் தோள் கொடுத்து, "வாங்கோ மாமா, இருங்கோ," என்று கூட்டிவந்து உட்கார வைத்தார்.

எங்கள் நாற்பது பேரில் ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை. முன்தினம் மதிப்பெண் பற்றிப் பேசிய ஆலோசகரும் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனிதர் தன் பொய்யைத் தானே திருத்துவதற்கு நம் படிப்பு ஓர் இடம் கொடுக்கும் என்று எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. நானும் யாருக்கும் கற்றுத்தந்ததில்லை.

சாப்பாட்டுக்கு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் கொடுத்தார்கள். நண்டும் மீனும் போட்டிருந்தார்கள், மிளகாய்க் காரம் கண்ணில் நீர் வர வைத்தது. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குக் காங்கேசன்துறையிலிருந்து கப்பல் திரும்பியது. கரை மறைந்த பிறகு, என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நடுவில் ஒரு கட்டம் போட்டு மதுரையில் என் வீடு என்று எழுதினேன். கிழக்கே, ஓய்வுபெற்ற தபால்காரர் சுந்தரம். தெற்கே, தையல் கடை பாத்திமா. வடக்கே ஒரு வங்கி ஊழியர், பெயர் கொஞ்ச நேரம் கழித்து நினைவுக்கு வந்தது. மேற்கே ஒரு பச்சைக் கதவு. அவ்வளவுதான் தெரியும். அந்த வீட்டுக்காரர்கள் அங்கே குடி வந்து ஆறு வருடமாவது இருக்கும். காலையில் பிரஷர் குக்கர் சத்தம் கேட்கும். ஊர் ஊராய்ப் போய்ச் சமூகத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறவளின் படத்தில் ஒரு பக்கம் காலி.

திங்கட்கிழமை கல்லூரி முதல்வர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போடவில்லை என்றேன். நிர்வாகம் எப்படியும் செய்யத்தான் செய்யும், உங்கள் கையெழுத்து ஒரு சம்பிரதாயம்தானே என்றார். அப்படியானால் சம்மதம் இல்லை என்று எழுதித் தருகிறேன், அதுவும் கோப்பில் இருக்கட்டும் என்றேன். எழுதிக் கொடுத்தேன். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. சேர்க்கையை நிறுத்துவதைப் பிறகு ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் என் மாணவர்களைக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு அனுப்பப்போகிறேன், ஒரே கேள்வியோடு.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. பையைப் படியில் வைத்துவிட்டு மேற்குப் பக்கம் போய்ப் பச்சைக் கதவைத் தட்டினேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"யாருங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"பக்கத்து வீடுங்க," என்றேன்.