பக்கத்து வீட்டுச் சம்பளம்

இந்த நாட்டில் மழையைப் பற்றி யாரிடமும் கேட்கலாம். நாயின் வயதைக் கேட்கலாம். சம்பளத்தை மட்டும் கேட்கக் கூடாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இறங்குமுன் ஊர், உத்தியோகம், சம்பளம் எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார். விசாரிக்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. பார்க்கிங் என்ற இந்த ஆங்கிலேய ஊருக்கு வந்த புதிதில் நானும் வேலையிடத்தில் இப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் தகப்பனாருக்கு, அதைச் சொல்லிவைக்க மறந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் குடிவந்தபோது அந்தத் தெருவில் வேறு தமிழர் இல்லை. எங்கள் அலுமாரியை மாடிக்கு ஏற்றித் தந்தவர் பக்கத்து வீட்டு லென். அவரைப் போலத் தெருவில் பாதி ஆண்களுக்குக் கார்த் தொழிற்சாலையில் வேலை. பிறகு ஷிப்டுகள் குறைந்தன. ஆட்களை நிறுத்தினார்கள். ஒவ்வொரு குடும்பமாக வீட்டை விற்றுக் கடற்கரை ஊர்களுக்குப் போனது. நானோ பகலில் கிடங்கிலும் மாலையில் பெற்றோல் ஷெட்டிலுமாக உழைத்துத் தலைதூக்கினேன். தெருவில் வீடு காலியாகும் போதெல்லாம் எங்கள் ஆட்களுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சமூகத்தொண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமா வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிறு மாலை லென் வேலிக்கு மேலால் தக்காளி நீட்டினார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற மாமா, தன் நல்ல ஆங்கிலத்தில், நிறைந்த அன்போடு கேட்டார்: "மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள்?"

லென் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"ஒன்றுமில்லை. போன வருடத்திலிருந்து."

மாமா என் பக்கம் திரும்பினார். "பாவம் மனுசன். அப்ப உவர் வீட்டை விக்கத்தானே வேணும். ஆரும் முந்த முதல் தங்கச்சிக்குக் கேளும், தம்பி."

பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், எட்மண்டனில், ஒற்றை அறையில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக் கிடந்த என் தங்கைக்காகத்தான் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று லென் கேட்டார். தக்காளி நல்ல ருசியாம் என்றேன். மாமா அதை இன்னும் கடிக்கவே இல்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் மாதக்கணக்காக மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களில் லென் கதவைத் தட்டினார். "உன் மாமனார் அன்று சொன்னது எனக்கு விளங்கியது. பேசும்போது என் கூரையைத்தான் பார்த்தார். விற்கப்போகிறேன். விற்பனைப் போர்டு போடுமுன் உன்னிடம் சொல்கிறேன்."

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவர் போன அன்று அவருடைய அலுமாரியை நான் இறக்கிக் கொடுத்தேன். படியைப் பார்த்து, மெல்ல, என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

தங்கை அந்த வீட்டை வாங்கிக் குடிவந்து பால் காய்ச்சினாள். பால் பொங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் யன்னலால் அந்தத் தக்காளிச் செடிகளைப் பார்க்காமல் நின்றேன்.

அடுத்த வருடம், அலுவலாகக் கொழும்புக்கு வந்த ஒருவர் அங்கிருந்து போன் எடுத்தார். போரில் இடம்பெயர்ந்து வந்து, பூட்டிக் கிடந்த எங்கள் ஊர் வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர்.

"அண்ணை, நீங்கள் அங்கை நல்லா இருக்கிறியளாம். இனி வரமாட்டியள்தானே. வீட்டை விக்கிறதெண்டால் வேறை ஆக்களுக்குச் சொல்ல முதல் எங்களுக்குச் சொல்லுங்கோ."

மிகவும் பணிவான குரல்.

"அங்கை மழையோ?" என்று கேட்டேன்.